நின்ற காரின் பற்றரி ஏன் சாகிறது?

கனடாவில் மகளிடம் நான்கு மாதம் இருந்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கார் ஓடவே இல்லை, பிறகெப்படிப் பற்றரி செத்தது? வாட்ச்மன் கிழமைக்கொருக்கா ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணியும் வைத்தாரே?”

நின்ற காரில் ரயர் காற்று இறங்கும். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். மேலோட்டமான துரு என்றால் நாலு தரம் பிரேக் பிடிக்கப் போய்விடும். எலி வயரைக் கடிப்பது தனிக்கதை.

பற்றரிக்கு வருவோம். சாவியை எடுத்தாலும் அலாரமும் கணினி நினைவகமும் தூங்குவதில்லை. அவை 30 மில்லி அம்பியர் இழுத்தாலே நாளொன்றுக்கு 0.72 அம்பியர்-மணி (ஒரு அம்பியர் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு அம்பியர்-மணி) போகிறது. 35 அம்பியர்-மணிப் பற்றரி ஏழு கிழமையில் காலி. ஸ்டார்ட்டர் அதற்கு வெகு முன்பே கைவிரித்துவிடும். சும்மா இருந்தாலும் பற்றரி தானாக இறங்கும், வெப்பம் கூடக்கூட இன்னும் வேகமாக. கொழும்பில் குளிர்காலம் ஏது?

எனக்குப் பிடித்த இடம் இனித்தான். மின் இறங்கும்போது, பற்றரிக்குள் அமிலத்தில் நிற்கும் இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேற் என்ற உப்பு படிகிறது. புதிதாகப் படிந்தவை மிக நுண்ணிய பளிங்குகள்; உடனே சார்ஜ் செய்தால் கரைந்து, ஈயமாகவும் ஈய ஈரொட்சைட்டாகவும் மீண்டுவிடும். அப்படியே விட்டால், பாணிக்குள் பனங்கற்கண்டு விளைவதைப் போல, சின்னப் பளிங்குகள் கரைந்து பெரியவற்றில் போய் ஒட்டுகின்றன. பொருள் அதே அளவுதான், ஆனால் அமிலம் தொடக்கூடிய மேற்பரப்பு சுருங்கிவிடுகிறது. ஈய சல்பேற் மின்னைக் கடத்தாது வேறு. பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பெரிய பளிங்குகள் லேசில் கரையாது. பற்றரி சாவது இறங்கியதால் அல்ல, இறங்கியபடியே கிடந்ததால்.

அந்த ஐந்து நிமிடம்? ஒரு கிழமையில் போனது ஐந்து அம்பியர்-மணி. ஸ்டார்ட் செய்ய எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, இதையும் நிரப்ப ஐந்து நிமிடம் காணாது. போதாததற்கு, சூடேறாத எஞ்சினின் நீராவி சைலென்சருக்குள் தங்கித் துருவை வளர்க்கும். என்னைக் கேட்டால் இதுவும் ரயருக்கு அடியில் தேசிக்காய் வைப்பது மாதிரித்தான். தேசிக்காயாவது காருக்குக் கெடுதி செய்யாது.

முழுதாய் சார்ஜ் ஏறிய பற்றரி, ஓய்வில் 12.6 வோல்ற் அளவில் காட்டும், 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். நீண்ட பயணமென்றால் முதலில் முழுதாய் ஏற்றிவிட்டு, இணைப்பைக் கழற்றுங்கள். எதிர் (−) முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும்: கார் உடலே எதிர் முனையோடு இணைந்திருப்பதால், நேர் முனையில் வைத்த ஸ்பேனர் உடலில் பட்டால் பொறி பறக்கும்.