பாதி உடம்பு தாயிடம்

சோளிங்கர் மலைப்படி ஏறியவர்கள் பார்த்திருப்பார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொங்கும். தாய் பாட்டுக்குத் தாவிக்கொண்டு போகும், விழாமல் பிடித்துக்கொள்வது குட்டியின் பாடு. பூனையில் கதை வேறு. குட்டி எதையும் பிடிக்காது, தாய்தான் கவ்விக்கொண்டு போக வேண்டும். சரணாகதி என்றால் என்ன என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டபோது மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இந்த இரண்டு தாய்களைத்தான் உவமைக்கு இழுத்தார்கள். வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் பூனை உவமையைக் கண்டுபிடித்தவர் வீட்டில் ஒருமுறையாவது பூனை குட்டி போட்டிருக்கும், அது மட்டும் நிச்சயம்.

எங்கள் வீட்டில் போட்டது போன சித்திரையில். வேலூர் சத்துவாச்சாரி வீட்டு மாடிப்படிக்குக் கீழே, கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டியில், பழைய பருத்திப் புடவையின் மேல் நாலு குட்டி. தாய்க்கு அஞ்சலை என்று பேர். முதல் குட்டியைச் சமையலறைத் தராசில் வைத்தபோது 96 கிராம் காட்டியது. இரண்டு எலுமிச்சம்பழம். கண் மூடியிருந்தது, காது மடிந்து தலையோடு ஒட்டியிருந்தது.

கன்றுக்குட்டி பிறந்த ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கிறது. பூனை அப்படியில்லை. சுமார் 63 முதல் 65 நாளில் வேலை முடியாமலேயே வெளியே வந்துவிடுகிறது. குட்டியின் உடம்பு செய்ய வேண்டிய பல வேலைகளைத் தாயின் உடம்புதான் செய்துகொண்டிருக்கும். இது எனக்கு முழுதாகப் புரிந்தது ஒன்பதாம் நாள் இரவில்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வெளியே போன அஞ்சலை ஏழு மணியாகியும் வரவில்லை. (பக்கத்துத் தெருவில் ஒரு சாமான் அறையில் உள்ளே இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.) வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாள். குட்டிகளுக்குச் சூடாக இருக்குமே என்று ஏர்கூலரைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் நாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே உருண்டையாகக் கிடக்கின்றன. தொட்டால் பாதம் சில்லென்று இருந்தது.

தாய்ப்பூனையின் உடல் வெப்பம் 38, 39 டிகிரி. பிறந்த குட்டிக்கு 35, 36தான் இருக்கும். முதல் வாரத்தில் அதற்கு நடுங்கக்கூடத் தெரியாது. நாம் குளிரில் நடுங்குவது தசைகள் வேலை செய்து சூடு உண்டாக்கத்தான், அந்த வசதி குட்டிக்குப் பிறகுதான் வரும். அதுவரை கொஞ்சம் பழுப்புக் கொழுப்பும், கூடப் பிறந்தவர்களும், தாயின் வயிறும்தான் அடுப்பு. முதல் வாரக் குட்டிக்குச் சுற்றிலும் 30 முதல் 32 டிகிரி வேண்டும் என்பார்கள். குளிர் நாடுகளில் இதற்காக மின்சார மெத்தை வாங்குகிறார்கள். வேலூரில் சித்திரை மாதம் அது சும்மா கிடைக்கிறது, அதையும் நான் கூலர் வைத்துக் கெடுத்திருந்தேன்.

வெப்பமானி தேவையில்லை, குட்டிகள் படுத்திருக்கும் அழகே போதும். உருண்டையாகக் குவிந்திருந்தால் குளிர்கிறது. ஆளுக்கு ஒரு மூலையில் கைகால் பரப்பிக் கிடந்தால் புழுக்கம். தோளோடு தோள் உரசி நீளமாகக் கிடந்தால் சரியாக இருக்கிறது. சிமெண்ட் ஷீட் கூரைக்கடியிலோ, மதிய வெயில் காய்ச்சும் பரணிலோ பெட்டியை வைத்துவிட்டால், நகர முடியாத குட்டி வதங்கிப் போகும். கீழ்த்தளத்தில், காற்று நேராக அடிக்காத இருட்டு மூலைதான் நம் ஊருக்கு நல்லது.

பழக்கமான கால்நடை மருத்துவர் ஒருவருக்குப் போன் போட்டேன். பால் எவ்வளவு கொடுக்கலாம் என்றுதான் கேட்டேன். அவர், "பாலை விடுங்க சார். மொதல்ல சூடு, அப்புறம் மூத்திரம், பால் கடைசியில" என்றார்.

சூடு ஏன் முதலில் என்றால், குளிர்ந்துபோன குட்டியின் குடல் வேலை செய்யாது. ஊற்றிய பால் அப்படியே வயிற்றில் நின்று கெட்டுப்போகும். வெந்நீரை பாட்டிலில் ஊற்றித் துண்டு சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வைத்தேன். ஓரத்தில்தான் வைக்க வேண்டும், சூடு அதிகமானால் நகர்ந்துபோக இடம் வேண்டுமே. பத்து நிமிடத்தில் ஒரு குட்டி தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, வயிற்றால் தேய்த்து, பாட்டிலை நோக்கி வந்தது. இந்த வயதில் பார்வை இல்லை, கேட்பதும் சொற்பம். ஆனால் மூக்கு பிறந்த அன்றே வேலை செய்கிறது, வெதுவெதுப்பு எந்தத் திசையில் என்று முகத்துக்குத் தெரிகிறது. வாசனையும் சூடும்தான் அதன் வழிகாட்டிக் கம்பங்கள்.

அடுத்தது மூத்திரம். முதல் மூன்று வாரம் குட்டியால் தானாக மூத்திரம் போக முடியாது. மூத்திரப்பை நிறைந்தாலும் திறக்காது. தாய் பின்பக்கத்தை நக்கினால், அந்தத் தொடுதல் தண்டுவடம் வழியாக ஒரு அனிச்சைச் செயலைத் தூண்டி, அப்போதுதான் வெளியேறும். தாய் அதை நக்கியே விழுங்கிவிடுகிறாள். கேட்க அருவருப்பாக இருக்கலாம். காட்டுப் பூனைக்கு இதுதான் பாதுகாப்பு, கூட்டில் நாற்றம் இருந்தால் நாயும் நரியும் மோப்பம் பிடித்து வந்துவிடும். போன தண்ணீரில் ஒரு பங்கு தாய்க்கே திரும்பி மறுபடி பாலாகவும் ஆகிறது. வேலூர் வெயிலில் இந்தச் சிக்கனம் சாதாரண விஷயமில்லை.

பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, குட்டியின் வாலைத் தூக்கிப் பிடித்து, மெல்ல மெல்லத் தட்டினேன். ஐந்தாறு தட்டு, ஒன்றுமில்லை. பிறகு பஞ்சு திடீரென்று சூடானது. வெளிர் மஞ்சள். அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் மதிக்கவில்லை.

பசும்பால் கொடுக்கக் கூடாது என்பதை எல்லாரும் சொல்கிறார்கள், காரணத்தைத்தான் சொல்வதில்லை. பூனைப்பாலில் உள்ள புரதம் பசும்பாலில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலில் வயிற்றை நிரப்பினாலும் குட்டி வளராது, பேதியும் பிடிக்கும். 200 கிராம் உடம்பில் பேதி என்றால் அரை நாளில் ஆபத்து. குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவுதான் வழி. அதையும் குப்புறப் படுக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். எனக்கு அந்த வேலைக்கு அவசியம் வரவில்லை. ஒன்பதரை மணிக்கு அஞ்சலை வந்தாள், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெட்டிக்குள் இறங்கிச் சாய்ந்தாள்.

அவள் சாய்ந்ததும் நடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பூனைக்குப் பொதுவாக எட்டு முலைக்காம்பு. பிறந்த சில நாளிலேயே ஆளுக்கொரு காம்பு என்று பிரித்துக்கொள்கிறார்கள், வாசனையை வைத்து அவரவர் இடத்துக்கே திரும்புகிறார்கள். வெள்ளைக்குட்டி பின்னங்காலுக்கு அருகே இருந்த காம்பைத் தேடி இரண்டு பேரை மிதித்துக்கொண்டு போனது. வழியில் காலியாக ஒரு காம்பு இருந்தும் வாய் வைக்கவில்லை. சப்பிக்கொண்டே முன்பாதங்களால் மாவு பிசைவதுபோல் அமுக்குகிறதே, அந்தத் தூண்டுதலில்தான் தாயின் மூளை ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைச் சுரந்து பாலை இறக்குகிறது. அஞ்சலை குர்ர்ர் என்று உறும ஆரம்பித்தாள். கேட்காத காதுக்கு எதற்கு உறுமல்? சத்தத்துக்காக இல்லை, அதிர்வுக்காக. கை வைத்துப் பார்த்தால் பெட்டியே லேசாக அதிர்கிறது.

பாலில் இன்னொன்றும் வருகிறது. பூனையின் நச்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்கு மிகக் குறைவாகவே போகின்றன. பெரும்பகுதி சீம்பாலில்தான். குட்டியின் குடல் அவற்றை அப்படியே ரத்தத்தில் சேர்ப்பது பிறந்த முதல் ஒரு நாளுக்குள் மட்டும், அதற்குப் பிறகு கதவு சாத்திக்கொள்ளும். இந்தக் கடன் எட்டிலிருந்து பதினாறு வாரத்துக்குள் கரைந்துவிடும். எப்போது என்று குட்டிக்குக் குட்டி மாறும். தாய் தந்த எதிர்ப்புப் பொருள் இருக்கும்வரை தடுப்பூசியையும் அது அடித்துவிடும். ஒரே ஊசியை மூன்று நாலு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடச் சொல்வது இதனால்தான். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். பாலோடு உருண்டைப் புழுவும் வந்துவிடும், ஆகவே பூச்சிமருந்தைச் சின்ன வயதிலேயே, எடை பார்த்து, மருத்துவரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆக, வீட்டுக்காரர் வேலை குட்டியை வளர்ப்பதில்லை, தாய்க்குச் சோறு போடுவது. இங்கேதான் நம் வீடுகளில் தப்பு நடக்கிறது. பால்சோறு, தயிர்சோறு. பூனைக்கு டாரின் என்ற பொருளை வேண்டிய அளவு தானாகத் தயாரிக்கத் தெரியாது. அது கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது, அரிசியில் துளிகூட இல்லை. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்று 1987இலும் கண்டுபிடித்தார்கள். அது தண்ணீரில் கரையும், அதனால் மீனையோ கோழியையோ வேகவைத்தால் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே ஊற்ற வேண்டும். உப்பு வேண்டாம். வெறும் சதையை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் சுண்ணாம்புச்சத்து போதாமல் குட்டிகளுக்கு எலும்பு வளையும். ஆம்பூர் பிரியாணியில் மிஞ்சிய துண்டைப் போடலாமே என்றால், வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்த எலும்பு கூராக ஒடியும்.

பினாயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குட்டி போட்ட இடம் என்று பெட்டியைச் சுற்றிப் பினாயில் போட்டுத் துடைப்பார்கள். நம் ஈரல் பீனால் வகைப் பொருள்களைக் கட்டி வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரல் சரியாகச் செய்யாது. தரையில் பட்டதை நக்கினாலே உள்ளே தங்கிவிடும். ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடுவதும் இதே குறைபாட்டால்தான். சோப்புத் தண்ணீர் போதும்.

எதிர்வீட்டு ஆயா தினம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். "இன்னா நைனா, குட்டியக் கையால தொட்டியா? தொட்டா தாயி உட்டுட்டுப் பூடும்." தொட்டதால் மட்டும் வீட்டுப்பூனை குட்டியை ஒதுக்கிவிடாது. ஆனால் ஆள் நடமாட்டம் அதிகமானால் இடத்தை மாற்றும், அந்த அளவில் ஆயா சொன்னது சரி. ஏழு வீடு மாற்றும் என்பார்கள். அஞ்சலை மூன்று இடம் மாற்றினாள்: மாடிப்படி, பீரோவுக்குப் பின்னால், கடைசியில் என் துணிக்கூடை.

மார்ஜார நியாயத்தை அப்போது கண்ணெதிரே பார்த்தேன். பிடரித்தோலைக் கவ்வியதும் குட்டி சட்டென்று தளர்கிறது, பின்னங்கால்களை மேலே இழுத்துக்கொள்கிறது, வால் வயிற்றோடு மடிகிறது. ஒரு முனகல்கூட இல்லை. சும்மா கிடப்பதுபோல் தெரிந்தாலும் அதுவும் ஒரு வேலைதான், அந்த இடத்தில் அழுத்தம் பட்டால் நரம்பு மண்டலம் அசைவை நிறுத்தி உடலைச் சுருட்டிக்கொள்கிறது. 2013இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வாளர்கள் சுண்டெலிக் குட்டிகளையும் மனிதக் குழந்தைகளையும் வைத்துப் பார்த்தார்கள். தாய் தூக்கிக்கொண்டு நடக்கும்போது இரண்டிலும் இதயத் துடிப்பு தணிகிறது, அசைவு அடங்குகிறது. தோளில் போட்டு நடந்தால்தான் தூங்குவேன் என்று அழும் குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வளர்ந்த பூனையை மட்டும் பிடரியைப் பிடித்துத் தூக்காதீர்கள், அந்த எடையைத் தோல் தாங்காது.

கண் ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் திறக்கும், எல்லாருக்கும் நீலமாக. நிறமி வந்து சேர இன்னும் சில வாரம் ஆகும். எங்கள் கறுப்புக்குட்டிக்கு ஒரு கண் பீளை கட்டி மூடியே இருந்தது. தானாகச் சரியாகும் என்று விடக்கூடாது. ஹியூபெல், வீசல் என்ற இரண்டு நரம்பியல் ஆய்வாளர்கள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரையான பருவத்தில் ஒளி பார்க்காத கண், திறந்த பிறகும் சரியாகப் பார்ப்பதில்லை. கண்ணில் பழுதில்லை. மூளையில் அதற்குரிய இடத்தை அடுத்த கண் பிடித்துக்கொண்டுவிடுகிறது. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. குழந்தைகளின் கண்புரையையும் மாறுகண்ணையும் தள்ளிப்போடாமல் சரிசெய்ய வேண்டும் என்பதற்குப் பின்னால் இந்தக் குட்டிகள் இருக்கின்றன. நான் காய்ச்சி ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு, மறுநாளே மருந்து வாங்கிவந்தேன்.

மூன்று வாரம் தாண்டியதும் குட்டிகள் ஒவ்வொன்றாகத் தாயிடமிருந்து வேலைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டன. முதலில் சூடு, பிறகு நடை. 26 பால்பற்கள் முளைத்துக் கடிக்க ஆரம்பித்ததும் அஞ்சலை பால் கொடுக்காமல் எழுந்து போனாள். நாலாவது வாரத்திலிருந்து குழைத்த மீனைத் தட்டில் வைத்தோம். இரண்டிலிருந்து ஏழு வாரம் வரை மனிதர் கை பட்டுப் பழகிய குட்டிதான் பிறகு ஆளைக் கண்டு ஓடாது, எனவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தினமும் கொஞ்ச விட்டோம். அஞ்சலைக்கு மறுபடி சினைபிடிக்காமல் கருத்தடை செய்யவும் நாள் குறித்துக்கொண்டோம். பால் கொடுக்கும்போதே பூனை அடுத்த சினைக்குத் தயாராகிவிடும்.

வேட்டைப் பாடம் ஆறாவது வாரத்தில். 1969இல் ஃபிலிஸ் செஸ்லர் என்பவர் ஒரு சோதனை செய்தார்: விசையை அமுக்கிச் சாப்பாடு எடுக்கும் வித்தையைத் தாய் செய்வதைப் பார்த்த குட்டிகள், வேறு பூனை செய்வதைப் பார்த்தவற்றைவிடச் சீக்கிரம் கற்றன. அஞ்சலை முதலில் செத்த பல்லியைக் கொண்டுவந்தாள். நாலு நாள் கழித்து உயிரோடு ஒரு ஓணான். அதை வராந்தாவில் குட்டிகளுக்கு நடுவே விட்டுவிட்டு, தள்ளிப்போய் உட்கார்ந்து காலை நக்க ஆரம்பித்தாள். வெள்ளைக்குட்டி முதுகைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் குதித்தது. ஓணான் வாயைத் திறந்து காட்டியது. நாலு பேரும் ஓடிவந்து என் துணிக்கூடைக்குள் ஒளிந்துகொண்டார்கள்.