நிறுத்திவைத்த சர்வருக்கும் பில் வரும்

மதுரை கே.கே. நகரில் உள்ள ஒரு பயிற்சி மையத்தின் கிளவுட் பில்லை, அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுத்த கணினிகளுக்கான பில்லை, அண்மையில் பார்க்க நேர்ந்தது. பொதுமுடக்கக் காலத்தில் ஆன்லைன் வகுப்புகளுக்காக எடுத்த சர்வர்களின் டிஸ்க்குகளுக்கு, பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் மாதந்தோறும் பணம் போய்க்கொண்டிருந்தது. “அதையெல்லாம் அப்பவே ஸ்டாப் பண்ணிட்டோமே சார்” என்றார் நிர்வாகி. விளக்குத்தூண் பக்கம் ஜவுளி விற்பவர் முதல் இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் அலுவலகம் வைத்திருப்பவர் வரை இதே பதிலைக் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

“கிளவுடில் பயன்படுத்தினால்தானே காசு?” என்ற எண்ணமே எல்லாவற்றுக்கும் வேர். விற்பவர்கள் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள்; அது பாதி உண்மை. நீங்கள் பிடித்து வைத்திருப்பதற்கே பெரும்பாலும் கட்டணம். அதில் வேலை நடந்ததா என்று மீட்டர் பார்ப்பதில்லை. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ் அறை எடுத்தவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால், அவர் அங்கே படுக்கவில்லை என்பதற்காக வாடகை நின்றுவிடாது. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் ஓர் ஈசி2 சர்வரை (வாடகைக் கணினியை) ஸ்டாப் செய்தால் பிராசசருக்கும் மெமரிக்கும் உரிய கட்டணம் நிற்கும். ஆனால் அதனுடன் இணைந்த ஈபிஎஸ் என்ற சேமிப்பு டிஸ்க்குக்கு, அதில் ஒரு கோப்பைக்கூட யாரும் திறக்காவிட்டாலும், முழுக் கொள்ளளவுக்கும் கட்டணம் ஓடும். 500 ஜிபி கேட்டு வாங்கி 40 ஜிபி மட்டும் நிரப்பியிருந்தாலும் 500-க்குத்தான் பணம். சர்வரையே டெர்மினேட் செய்தாலும், அதாவது நிரந்தரமாக நீக்கினாலும், இயல்பாக அழிவது முதன்மை டிஸ்க் மட்டுமே. பின்னால் சேர்த்த டிஸ்க்குகள் எந்தச் சர்வருடனும் ஒட்டாமல் தனியே நின்று பில்லில் ஏறிக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அசூரில் விண்டோஸுக்குள் போய் ஷட் டவுன் கொடுப்பவர்களின் நிலை இன்னும் மோசம். அசூரின் நிர்வாகப் பக்கமான போர்ட்டல் வழியாக நிறுத்தி, ‘டீஅலகேட்டட்’ (ஒதுக்கீடு விடுவிக்கப்பட்டது) என்று காட்டினால் ஒழிய, ஓடாத இயந்திரத்துக்கும் மணிக்கட்டணம் விழுந்துகொண்டே இருக்கும். ஏடபிள்யூஎஸ்ஸின் ஆர்டிஎஸ் தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், 7 நாட்களில் அது தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கிவிடும் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

இப்படி வீணாவதைத் தேடும்போது முதலில் ஏமாற்றுவது ரீஜன், அதாவது சர்வர்கள் இருக்கும் வட்டாரம். ஈசி2 பக்கம் ஒரு நேரத்தில் ஒரு ரீஜனில் உள்ளதையே காட்டும். மும்பையைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று மூடிவிடுவார்கள். யாரோ பழகிப் பார்ப்பதற்காக ஏற்றிய சர்வர் வர்ஜீனியாவில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே செலவைப் பிரித்துக் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, ரீஜன் வாரியாகவும் பயன்பாட்டு வகை வாரியாகவும் பிரித்துப் பாருங்கள். போக்குவரத்தே இல்லாத லோட் பேலன்சரும் (வரும் வேலையைச் சர்வர்களுக்குப் பகிர்வது) நாட் கேட்வேயும் (உள் சர்வர்களை இணையத்தோடு இணைப்பது) மணிக்கணக்கில் கட்டணம் இழுக்கும். 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்), பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணிக்கு 0.005 டாலர் கட்டணம் உண்டு. மாதத்துக்கு ஏறத்தாழ 3.6 டாலர் என்பது சிறிதுதான், கேட்பாரற்ற முகவரிகள் சேரும்போது சிறிதில்லை. கிளவுட்வாட்ச் சேமிக்கும் லாக்குகளுக்கு (செயல்பாட்டுப் பதிவுகளுக்கு) நீங்கள் காலக்கெடு வைக்காவிட்டால் அவை ஒருபோதும் அழிவதில்லை.

முழுதும் வீணானதைவிட அளவுக்கு மீறியதைக் கண்டுபிடிப்பது கடினம். தீபாவளி விற்பனைக்காகப் பெரிதாக்கிய சர்வரைத் தை பிறந்த பின்னும் சிறிதாக்காத கடைகள் எத்தனையோ. சர்வர் எந்த அளவில் போதும் என்று ஏடபிள்யூஎஸ்ஸின் கம்ப்யூட் ஆப்டிமைசர் பரிந்துரை தரும். ஆயினும் ஏஜென்ட் (கண்காணிப்பு மென்பொருள்) நிறுவாத சர்வரின் மெமரிப் பயன்பாடு அதற்குத் தெரியாது என்பதால், பிராசசர் கணக்கை மட்டும் நம்பி அளவைக் குறைத்துவிட்டு, தளம் படுத்துவிட்டது என்று எனக்குத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். டெவலப்பர்கள் மட்டும் தொடும் சோதனைச் சர்வர் வாரத்தின் 168 மணி நேரமும் ஏன் ஓட வேண்டும்? நாளுக்குப் பத்து மணி நேரமாக ஆறு நாட்கள் என்றாலும் 60 மணி நேரம்தான். மீதி 108 மணி நேரத்துக்கு ஷெட்யூல் போட்டு அணைத்து வையுங்கள்.

இதைப் படித்த வேகத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துவிடவும் வேண்டாம். டிஸ்க் யாருடையது என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் ஒரு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்) எடுத்துவிட்டு அழியுங்கள், அதில் எழுதப்பட்ட பகுதிக்கு மட்டுமே சேமிப்புக் கட்டணம் வரும். இனி உருவாக்கும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரையும் திட்டத்தின் பெயரையும் டேக் (அடையாளச் சீட்டு) ஆக இடச் சொல்லுங்கள். டேக் இல்லாத சர்வருக்கு எல்லா அலுவலகத்திலும் ஒரே உரிமையாளர்தான், வேலையை விட்டுப் போனவர். இந்தச் சுத்தம் முடியும்வரை சேவிங்ஸ் பிளானில் கையெழுத்திட வேண்டாம். தள்ளுபடி கிடைக்கிறதே என்று வீணான சர்வர்களையும் சேர்த்து மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டவர்கள், சர்வரை அணைத்த பிறகும் ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டியே தீர வேண்டும்.

பட்ஜெட் எச்சரிக்கை வைத்தால் எல்லாம் தானாக நின்றுவிடும் என்றும் நம்பாதீர்கள். நீங்கள் தனியாக ஏற்பாடு செய்யாதவரை அது மின்னஞ்சல் அனுப்புவதோடு சரி. அந்த மின்னஞ்சல் எப்போதோ விலகிய பொறியாளருக்குப் போவதையும், முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கின் கடவுச்சொல் இணையதளம் செய்து கொடுத்த ஃப்ரீலான்சரிடமே இருப்பதையும் அடிக்கடி காண்கிறேன். தயவுசெய்து இவ்விரண்டையும் இந்த வாரமே உங்கள் நிறுவன முகவரிக்கு மாற்றுங்கள். அப்படியே கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்; அது இல்லாவிட்டால், பில்லில் வரும் 18 சதவீத வரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க உங்கள் ஆடிட்டரால் முடியாது.