வாசலில் ஒருவர் உட்கார இடமிருக்கிறதா?

வீடு கட்டுவதும் பழைய வீட்டைச் சீர்செய்து கொடுப்பதும் என் பிழைப்பு. குடியேறிக் கொஞ்ச காலம் ஆனவர்கள் கூப்பிட்டால் பெரும்பாலும் இந்தக் கோரிக்கைதான் வரும்: "சார், முன்பக்கம் ரொம்ப மொட்டையா இருக்கு. ஏதாச்சும் பண்ணிக் குடுங்க." சொல்லும்போதே போனில் படம் தயாராக இருக்கும். சி.என்.சி. கட்டிங் கேட், சுவருக்குக் கல் பதித்த மாதிரி எலிவேஷன் டைல்ஸ், பிளாஸ்டிக் புல், பித்தளை முகம். நான் அவர்களை கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து, விருந்தாளி மாதிரி உள்ளே நடந்து வரச் சொல்வேன். செருப்பை எங்கே விடுவீர்கள்? ஒற்றைக் காலில் நின்று கழற்றும்போது எதைப் பிடிப்பீர்கள்? கதவு திறக்கும் வரை வெயிலில்லாமல், மழையில்லாமல் எங்கே நிற்பீர்கள்? இதற்கெல்லாம் விடை இல்லாத போர்ட்டிகோவில் எத்தனை லட்சம் கொட்டினாலும் அது கார் ஷெட்தான்.

காரைக் குறை சொல்லவில்லை. அரை கிரவுண்டு மனையில், அதாவது 1200 சதுர அடியில் வீடு கட்டினால் முன்பக்கத்தைக் கார் எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். பிரச்சினை, கார் போக மிஞ்சும் மூன்றடி. அதில் காலி சிலிண்டர், தண்ணி கேன், பையன் எட்டாவதில் ஓட்டிய சைக்கிள், மிச்சமான டைல்ஸ் பெட்டி. முதல் வேலை அந்த மூன்றடியை மீட்பது. காசு செலவில்லாதது என்பதாலோ என்னவோ, இதைத்தான் யாரும் செய்வதில்லை.

அடுத்தது தரை. ஹாலுக்கு வாங்கிய பளபள விட்ரிஃபைடு டைல்ஸில் மிச்சத்தை போர்ட்டிகோவில் ஒட்டிவிடுவது நம் ஊரில் பெரிய சிக்கனம். சிக்கனம் அல்ல, ஆபத்து. தினமும் தண்ணீர் தெளிக்கிற இடம், மழைச் சாரல் அடிக்கிற இடம், கார் கழுவுகிற இடம் அது. ஈரம் பட்டால் கண்ணாடித் தரை. கடையில் "ஆன்டி ஸ்கிட்" என்று மட்டும் கேட்டால் எதையாவது எடுத்துக் காட்டுவார்கள். ஆர்10, ஆர்11 என்ற வழுக்கல் தர எண் பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். எண் ஏற ஏறப் பிடிப்பு அதிகம். கிரானைட் போடுவதாக இருந்தால் பாலிஷ் வேண்டாம், தோல் மாதிரி லேசாக மேடு பள்ளம் தெரிகிற லெதர் ஃபினிஷ் அல்லது தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம்டு. ஏற்கெனவே பாலிஷ் கிரானைட் படி போட்டாயிற்றா? உடைக்க வேண்டியதில்லை. படியின் மூக்கு ஓரமாகக் கட்டிங் மெஷினால் நீளவாக்கில் மூன்று கோடு குரூவ் போட்டால் போதும். ஆள் வந்தால் அரை நாள் வேலை.

வாட்டமும் பாருங்கள். எட்டடிக்கு ஓர் அங்குலமாவது தெருப் பக்கம் சரிய வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை வாசற்படி ஓரம் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்; தேங்குகிற மூலையில் பாசி பிடிக்கும், வழுக்கி விழுவதும் அங்கேதான்.

தரை விஷயத்தில் எனக்கு இன்னொரு ஆதங்கம் உண்டு. மேடு பள்ளமாக டிசைன் போட்ட பார்க்கிங் டைல்ஸில் கோலம் நிற்காது. மாவு குழிக்குள் இறங்கிவிடும், கம்பி இழுத்தால் உடைந்து உடைந்து வரும். பிறகு ஸ்டிக்கர் கோலம். கேட்டுக்கும் படிக்கும் நடுவில் நாலுக்கு நாலு அடி மட்டும் வெறும் சிமென்ட் தரையோ, சொரசொரப்பான கடப்பா கல்லோ போட்டு விட்டால் மார்கழியில் அந்த வீட்டு வாசலே வேறு மாதிரி இருக்கும். கருந்தரையில் அரிசி மாவு எடுப்பாகத் தெரியும். மொத்த முகப்பு வேலையில் மிகக் குறைந்த செலவு இதுவாகத்தான் இருக்கும்.

படிக்கட்டில் வயதானவர்கள் படும் பாடு தனி. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போயின. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். ஆனாலும் மக்களுக்குப் பயம் போகவில்லை. புது வீட்டின் பேஸ்மட்டத்தை மூன்றடி, நாலடி தூக்குகிறார்கள். உயரம் கூடுகிறது, படிக்கான இடம் கூடவில்லை. விளைவு, ஒன்பது அங்குலப் படி. ஆறு அங்குல உயரம், ஓரடி அகலம் என்பதுதான் முழங்கால் ஒத்துக்கொள்ளும் அளவு. எல்லாப் படியும் ஒரே உயரத்தில் இருப்பது அதைவிட முக்கியம். கடைசிப் படி மட்டும் இரண்டு அங்குலம் குறைந்தால் கால் ஏமாந்துவிடும்.

"சக்கர நாற்காலிக்குச் சரிவு வேணும்" என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம் வேண்டும். இரண்டடி பேஸ்மட்டம் என்றால் 24 அடி. அந்த இடம் இல்லாமல் செங்குத்தாகப் போடுகிற சரிவு ஸ்கூட்டர் ஏறத்தான் உதவும், நாற்காலியைத் தள்ளுகிறவரையும் சேர்த்து உருட்டிவிடும். இடமில்லாதவர்கள் நல்ல கைப்பிடி போடுங்கள். ஒன்றரை அங்குலக் குழாய், மூன்றடி உயரம், முதல் படிக்கு ஓரடி முன்னாலேயே தொடங்க வேண்டும். பெரியவர்கள் ஏறுவதற்கு முன்பே பிடிப்பைத் தேடுவார்கள்.

இனி உட்காருமிடம். என்னைக் கேட்டால் வாசலின் உயிர் இதுதான். அந்தக் காலத்துத் திண்ணைகள் பல இரண்டடிக்கும் மேல் உயரம், படுத்துத் தூங்குகிற அகலம். அதை அப்படியே இன்றைய வீட்டில் கொண்டுவர முயன்றால் கார் தெருவில்தான் நிற்கும். பதினெட்டு அங்குல உயரம், பதினாறு முதல் பதினெட்டு அங்குல அகலம், நாலடி நீளம். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். செங்கல் கட்டி மேலே சிகப்பு ஆக்சைடு தேய்த்துவிட்டால் அழகுக்கும் வேறெதுவும் வேண்டாம். அதற்குக் கை பழகிய கொத்தனார் வேண்டும், ஒரு வாரம் நனைத்து ஆற வேண்டும். ஆத்தங்குடி கல்லும் பொருந்தும். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து வார்ப்பது, சூளையில் சுடுவதில்லை, ஆகவே நேராக மழை அடிக்கிற இடத்துக்கு நான் சொல்லமாட்டேன். மேற்குப் பார்த்த வீடென்றால் கருப்புக் கிரானைட் பலகை வேண்டவே வேண்டாம். மாலை நாலு மணிக்குத் தொட முடியாது. மரப்பலகை போடுங்கள். விளிம்பை உருட்டச் சொல்லுங்கள், பின்தொடையில் அறுக்காது.

ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதிக்கு இப்படி ஒரு சின்னத் திண்ணை கட்டினோம். கீழே முழுக்க அடைக்காமல் நடுவில் ஓர் அடி இடைவெளி விட்டதில் செருப்புகள் உள்ளே போய்விட்டன. பக்கத்தில் சுவரில் ஒரு கொக்கி, பையையும் குடையையும் மாட்ட. வேலை முடிந்து கணக்குத் தீர்க்கப் போனபோது அந்த அம்மா, "தம்பி, இப்பல்லாம் கீரைக்காரம்மா கூடையை இறக்கி வச்சுட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் போறா" என்றார். ஐயாவுக்கு மட்டும் குறை: பேப்பர் படிக்கப் போனால் எப்போதும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒரு பழைய மர பெஞ்சு வாங்கிப் போடுங்கள். ஊஞ்சல் ஆசை இருந்தால் கான்கிரீட் போடும்போதே பீமின் கம்பியோடு கட்டி கொக்கி விட வேண்டும். பிறகு கூரையில் துளை போட்டு போல்ட் முடுக்கித் தொங்கவிடுகிற வேலைக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை.

வெயில் திசைக்குத் திசை வேறு. தெற்கு வாசலுக்குக் கூரையை இரண்டடி நீட்டினால் நிழல் விழும். மேற்கு வாசலுக்கு எவ்வளவு நீட்டினாலும் பயன் குறைவு, மாலைச் சூரியன் தாழ்ந்து நேராக உள்ளே வரும். அங்கே செங்குத்தாக ஒரு மறைப்பு தேவை: மூங்கில் தட்டி, வெட்டிவேர் தட்டி, அல்லது கம்பியில் ஏற்றிய முல்லை. கூரை நீட்டுவதற்கு முன் ஒன்று. மனையின் முன்புறம் விட வேண்டிய காலியிடத்தை 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வரையறுத்திருக்கின்றன. அதில் நிரந்தரமாக எதுவும் கட்டுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

செடி பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் விடுபட்டதை மட்டும் சொல்கிறேன். தொட்டிக்குக் கீழே வைக்கிற தட்டும், பூ மிதக்கவிடுகிற உருளியும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திர விளிம்பில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். அரளி பூத்தால் அழகுதான், ஆனால் முழுச் செடியும் விஷம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கைக்கெட்டும் தொட்டியில் வேண்டாம்.

மின்சாரம். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற தரையில் முழங்கால் உயர பிளக் பாயின்ட் இருக்கக் கூடாது. நாலடிக்கு மேல், மூடி போட்ட பெட்டியில். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் கார்த்திகைக்கு சீரியல் செட் தொங்கவிடாதீர்கள். மின்சார ஸ்கூட்டரை வாசற்கதவுக்கு ஒட்டி இரவு முழுக்க சார்ஜில் போடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. தீப்பிடித்தால் வீட்டில் இருப்பவர்கள் வெளியேற வேண்டிய வழியும் அதுதான் என்பதை யோசியுங்கள்.

விளக்குக்குக் கடைக்காரர் எடுத்துத் தருவது 6500 கெல்வின் வெள்ளை. பூச்சியும் அதற்குத்தான் அதிகம் வரும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், ஒன்பது வாட், மழை தாங்கும் ஐபி 65 கூடு. கதவுக்கு நேர் மேலே வைத்தால் நிற்பவர் முகம் நிழலாகிவிடும். பக்கச் சுவரில் ஆறடி உயரத்தில் வையுங்கள். படிக்கு இன்னொரு சின்ன விளக்கு.

கடைசியாகக் கதவு எண். கலைநயமாக வளைந்த எழுத்தில் பெயர்ப் பலகை செய்கிறார்கள், எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. ராத்திரி 108 வண்டி வந்தால் தெருவிலிருந்தே தெரிய வேண்டும்: நாலங்குல உயர எண், கேட்டின் பக்கத் தூணில், விளக்கு வெளிச்சம் படுகிற மாதிரி. பழைய எண், புது எண் இரண்டும் புழக்கத்தில் இருக்கிற தெரு என்றால் இரண்டையும் எழுதுங்கள்.