வண்டி ஏன் தவளைபோல் குதிக்கிறது?

பதின்வயதுப் பிள்ளைகளை வைத்து எடுக்கும் நகைச்சுவைப் படத்தில் கார் வந்துவிட்டால் ஒரு காட்சி தப்பாது. வீட்டில் சொல்லாமல் காரை எடுத்த பையன் சாவியைத் திருப்புவான், கியரைப் போடுவான், கிளட்ச்சிலிருந்து காலை எடுப்பான். வண்டி தவளைபோல் நான்கு தரம் குதித்து ஆஃப் ஆகிவிடும். பையனுக்குப் பதற்றம், அவ்வளவுதான் என்று படம் அடுத்த காட்சிக்குப் போய்விடும். எனக்கோ கண் வண்டியின் மேலேயே நிற்கும். அந்தக் குதிப்பில் பையனின் பங்கு கொஞ்சம்தான். என்ஜினின் பிறவிக் குணம்தான் பெரும்பங்கு.

பெட்ரோல் என்ஜினால் தானாக நின்ற நிலையிலிருந்து கிளம்ப முடியாது. காற்றையும் எரிபொருளையும் பிஸ்டன் அழுத்த வேண்டும், தீப்பொறி விழ வேண்டும், பிறகுதான் உந்துவிசை. அழுத்துவதற்கான தெம்பு ஏற்கெனவே இருக்கும் சுழற்சியிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் சும்மா நிற்கும்போதும் என்ஜின் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு மிகவும் கீழே இறங்கினால் அடுத்த அழுத்தத்துக்குத் தெம்பு போதாமல் அடங்கிவிடும்.

சிறிய கார் ஒன்றில் முதல் கியரில் என்ஜின் சுமார் 14 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அந்தக் கணக்கில், 800 சுற்றில் ஓடும் என்ஜினோடு சக்கரத்தை இறுகப் பிணைத்தால் கார் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டரில் போக வேண்டும். ஆனால் கார் நிற்கிறது. பூஜ்ஜியத்துக்கும் இந்த 6 கிலோமீட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கடத்திவிடுவதுதான் கிளட்ச்சின் வேலை.

என்ஜினோடு சுழலும் கனத்த ஃபிளைவீல் ஒரு பக்கம், பிரஷர் பிளேட் மறுபக்கம், நடுவில் கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் பிடி விடும். விட்டால் ஸ்பிரிங் மூன்றையும் சேர்த்து நெருக்கும். கழற்றிப்போட்ட கிளட்ச் பிளேட் ஒன்றை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த அகலம். விளிம்பில் உராய்வுப் பட்டை தேய்ந்து வழவழத்திருந்தது. நடுவில் வட்டமாகக் குட்டி ஸ்பிரிங்குகள். என்ஜினின் துடிப்பு கியருக்குப் போகாமல் தாங்குபவை அவை.

பெடலைப் பாதி மட்டும் விட்டிருக்கும், ஓட்டுநர்கள் ஹாஃப் கிளட்ச் என்று சொல்லும் இடத்தில் இந்தப் பிளேட் வழுக்கிக்கொண்டே இழுக்கும். இங்கே எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. என்ஜின் வேகம் மாறாமல் வண்டி சமதரையில் கிளம்பினால், மற்றத் தடைகளை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, கிளட்ச்சுக்குள் போகும் ஆற்றலில் சரிபாதி வெப்பமாகிவிடும். காலை மெதுவாக எடுத்தாலும் வேகமாக எடுத்தாலும் அந்தப் பாதி மாறாது. மேட்டில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடித்தாலோ போவது அத்தனையும் வெப்பம்தான். அந்தக் கருகல் நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது.

பெடல் மேலெழும் முழுத் தூரத்தில் பிடி விழும் இடம் சில சென்டிமீட்டர்தான். பழகாத கால் அதை ஒரே நொடியில் தாண்டிவிடும். ஒரு டன் எடை திடீரென்று என்ஜின் தலையில் இறங்கும். ஃபிளைவீலில் சேர்ந்திருந்த சுழற்சி மொத்தமும் ஒரே வீச்சில் சக்கரத்துக்குப் பாயும். அதுதான் முதல் குதிப்பு. சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு, உடனே முறுக்கு அவிழ்ந்து, மறுபடி முறுக்கும். வண்டி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும்.

இதில் ஓட்டுபவரின் கால் எப்படி மாட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். வண்டி முன்னே பாய்ந்தால் உடல் பின்னே சாயும், ஆக்சிலேட்டரிலிருந்து கால் விலகும். வேகம் விழுந்ததும் உடல் முன்னே சரியும், கால் தன்னையறியாமல் அழுத்தும். மறுபடி பாய்ச்சல். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதுபோல, வண்டி காலை ஆட்ட, கால் வண்டியை ஆட்டும். பையன் வேண்டுமென்று மிதிக்கவில்லை. வண்டிதான் அவன் காலை வைத்து மிதிக்கிறது.

மின்சார மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. நின்ற நிலையிலேயே முழு இழுவையும் தரும் என்பதால் அந்தக் கார்களுக்குக் கிளட்ச் பெடலே தேவைப்படுவதில்லை.

கிளட்ச் உள்ள வண்டி குதிக்கத் தொடங்கினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கிளட்ச்சை முழுக்க மிதித்துவிட வேண்டும். என்ஜினுக்கும் சக்கரத்துக்குமான பிணைப்பு அறுந்ததும் ஆட்டம் அடங்கிவிடும். பிறகு வலது குதிகாலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு, விரல்நுனியால் மட்டும் ஆக்சிலேட்டரைத் தொடுங்கள். உடல் எப்படிச் சாய்ந்தாலும் பாதம் இடம் பெயராது.