கரண்ட் பில்லே வராத வீடு

வீடு வாங்கும் யோசனையோடு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பத்திர நகலைக் கையில் வைத்திருப்பார்கள். அந்த டீச்சர் ஒரு சொல்லைத்தான் கொண்டுவந்தார். "கரண்ட் பில்லே வராத வீடாம் சார். மாடியில் சோலார் இருக்கிறது."

நாகர்கோவிலில் வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். டீச்சரின் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். பார்வதிபுரத்தில் 12,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். சுங்கான்கடைப் பக்கம் ஆறு சென்ட் மனையில் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. விலை 55 லட்சம். மாடியிலிருக்கும் ஐந்து கிலோவாட் சோலாருக்குத் தனியாக 3 லட்சம். விற்கிறவர் மஸ்கட்டில் இருக்கிறார். இரண்டு மாத விடுப்பில் வந்தவர், திரும்புவதற்குள் பத்திரத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். (ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"மாதம் 12,000 ரூபாய் வீணாகப் போகிறதே சார்" என்றார். இந்த ஊரில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். வாடகை வீண் என்பதை ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அப்படியானால் வட்டியும் வீண்தானே? அந்த வீட்டை வங்கியின் மதிப்பீட்டாளர் 50 லட்சம் என்று மதித்திருந்தார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில் மதிப்பின் 80 சதவீதம் வரைதான் கிடைக்கும். ஆகக் கடன் 40 லட்சம். எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை 34,700 ரூபாய் சொச்சம். முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது 28,333 ரூபாய். அசலில் கழிவது ஆறாயிரத்துச் சொச்சம் மட்டுமே. டீச்சர் கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பி, தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

கையிலிருந்து போட வேண்டிய பணம் தனி. விலைக்கும் கடனுக்கும் இடைவெளி 15 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னும் 4 லட்சத்து 95 ஆயிரம். இதற்கு வங்கி கடன் தராது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டிவிடலாம் என்று தரகர் சொன்னாராம். கடன் வாங்கி வாங்குகிறவருக்கு அது உதவாத யோசனை, ஏனென்றால் வங்கி பத்திர விலையையும்தான் பார்க்கும். நாளை அந்த வீட்டை விற்கும்போது, குறைத்துக் காட்டிய தொகையெல்லாம் உங்கள் ஆதாயமாகக் கணக்கில் ஏறி அதற்கும் வரி கேட்பார்கள். போதாததற்கு, சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குகிறவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

நான் உண்மையில் பயந்தது வேறொன்றுக்கு. விற்கிறவர் மஸ்கட்காரர் என்றேன் அல்லவா? உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள சொத்தை வாங்கினால், வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். விற்கிறவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அந்த ஒரு சதவீதக் கணக்கு செல்லாது. 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த சொத்து என்றால் 12.5 சதவீதம், அதன்மேல் கூடுதல் வரியும் செஸ்ஸும். 55 லட்சத்துக்கு இது ஏழே முக்கால் லட்சத்தைத் தாண்டும். விற்கிறவருக்கு உண்மையான ஆதாயம் குறைவு என்றால், வருமான வரித் துறையில் முன்கூட்டியே விண்ணப்பித்து, குறைத்துப் பிடிப்பதற்கான சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு நாளாகும். அதனால்தான் இரண்டு மாத விடுப்பு அவசரம் ஆபத்தானது. பிடிக்காமல் விட்டால் வரித்துறை மஸ்கட்டுக்குப் போகாது; வாங்கியவரின் வாசலுக்குத்தான் வரும்.

வீட்டுக்கு வீடு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் மாவட்டம் இது. இருந்தும் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு வருகிறவரை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஒரு சதவீதத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார். நோட்டீஸ் வந்தபோது விற்றவரின் தொலைபேசி எண்கூட மாறியிருந்தது.

இனி சோலார். "உங்கள் வீட்டு மின் கணக்கு அட்டையைக் கொண்டுவாருங்கள்" என்றேன். அவர் வாங்கப்போகும் வீட்டைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். குடியிருக்கும் வாடகை வீட்டு அட்டையைத்தான் கேட்டேன். இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 380 யூனிட். தமிழ்நாட்டில் 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறுக்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.70 ரூபாய். ஆக அவர் கட்டுவது 1,081 ரூபாய்; ஆண்டுக்கு ஆறாயிரத்து ஐந்நூறுக்குள். பில்லே வராமல் போனாலும் மிச்சமாவது அவ்வளவுதான். அதற்கு 3 லட்சம் கொடுத்தால் போட்ட பணம் திரும்ப 46 ஆண்டு ஆகும். பேனல்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் உத்தரவாதமே 25 ஆண்டுதான். புது வீட்டில் இன்னொரு ஏசி வரும் என்றார் டீச்சர். சரி, 500 யூனிட் என்றே வைத்துப் பார்த்தோம். 1,805 ரூபாய். அப்போதும் 27 ஆண்டுக்குக் குறையவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் சோலாருக்கு எதிரி என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். என் சொந்தக்காரர் வீட்டில் மூன்று ஏசி, இன்டக்‌ஷன் அடுப்பு, கிணற்று மோட்டார். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். ஐந்நூறைத் தாண்டியதும் கணக்கே மாறிவிடும். குறைந்த விலைப் படியான அந்த 2.35 ரூபாய் போய்விடும். மேலே போகப் போக 8.40, 9.45, 10.50 என்று ஏறும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர் 510 யூனிட் எரித்தால் 2,124 ரூபாய் கட்ட வேண்டும். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! 900 யூனிட்டுக்கு 5,820 ரூபாய். இத்தகைய வீட்டில் மூன்று கிலோவாட் போட்டால், நம் ஊரின் இரண்டு மழைக்காலத்தையும் கழித்து இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் 300 யூனிட்டுக்கு பில் 705 ரூபாய். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. இரண்டு லட்சம் ரூபாய் அமைப்பு என்றால் கைக்காசு ஒன்றேகால் லட்சத்துக்குள் அடங்கும். நான்கு ஆண்டில் போட்ட பணம் வந்துவிடும். அவரைப் போடச் சொன்னதே நான்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை டீச்சரோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். கணக்குப் பார்க்கிறவனுக்கு மாடியில் என்ன வேலை என்று கேட்கலாம். மூன்றரை மணிக்கு ஒன்பது பேனல்களில் இரண்டின் மேல் தென்னை ஓலையின் நிழல் சீப்புப் பல் மாதிரி விழுந்து கிடந்தது. மரம் இவர்களுடையது அல்ல, மேற்கு மதிலுக்கு அப்பால் நிற்கிறது. ஒரு பேனலில் விழும் நிழல், அதே வரிசையில் இணைந்திருக்கும் மற்றவற்றின் உற்பத்தியையும் பதம் பார்க்கும். அடுத்தவர் தென்னையை வெட்டச் சொல்ல நமக்கு என்ன உரிமை? போல்ட்டுகளில் அதற்குள் செந்துரு பிடித்திருந்தது. பேனல்களைத் தாங்கும் சட்டங்கள் தளத்தில் பதியாமல் மாடியின் தகரக் கூரைமேல் நின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் கூரைத் தகடுகள் பறந்ததைப் பார்த்தவர்கள் இப்படிப்பட்ட அமைப்பைக் கண்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

கடைசி ஆறு பில்களைக் காட்டுங்கள் என்று விற்கிறவரிடம் கேட்டேன். இரண்டைத்தான் காட்டினார். இரண்டுமே கோடைக்காலத்து பில்கள். வீடும் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. பூட்டிய வீட்டுக்குச் சோலார் இல்லாமலேயே பில் வராது. மானியம் யார் கணக்கில் வந்தது, சோலாருக்கு வாங்கிய கடன் பாக்கி இருக்கிறதா, இன்வெர்ட்டர் உத்தரவாதச் சீட்டு எங்கே, மின் இணைப்போடு நெட் மீட்டர் (மாடியிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தை பில்லில் கழிக்க உதவும் மீட்டர்) ஒப்பந்தத்தையும் பெயர் மாற்றித் தருவாரா என்றும் கேட்டேன். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்றார். எழுத்தில் வராதவரை அந்தச் சொல்லுக்கு என் ஏட்டில் பூஜ்யம்தான் மதிப்பு. டீச்சருக்கு அதிர்ச்சி தந்தது இன்னொன்று. பேட்டரி இல்லாத அந்த அமைப்பு, தெருவில் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

திரும்பும் வழியில், "அப்படியானால் ஒற்றிக்குப் போகலாமா?" என்றார். எட்டு லட்சம் கொடுத்தால் மூன்று ஆண்டு வாடகையில்லாமல் இருக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். எட்டு லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 56,000. மாதம் 4,700 ரூபாய்க்கும் குறைவு. வாடகையைவிட மலிவுதான். ஆனால் ஆபத்து அசலில் இருக்கிறது. ஒற்றி என்பது அடமானம். பதிவு செய்ய வேண்டிய ஆவணம். இங்கே பலர் அதை முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சியோடு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அந்த வீட்டின்மேல் முன்பே வங்கிக் கடன் இருந்து, தவணை நின்று, வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்தால், பதியாத அந்தத் தாளை வைத்துக்கொண்டு எட்டு லட்சத்தை யாரிடம் கேட்பது? வில்லங்கச் சான்று பார்த்து, பதிவும் செய்தால் ஒற்றியை நான் தடுக்க மாட்டேன்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் பழைய வீடு பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. 1956 நவம்பர் 1-க்கு முன் இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி. அதனால் மூலப் பிரமாணம் (பழைய மூலப் பத்திரம்) மலையாளத்தில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரையே பிடியுங்கள். மொழிபெயர்ப்பைத் தரகரிடம் ஒப்படைக்காதீர்கள்.

மஸ்கட்காரர் சோலார் விலையை 3 லட்சத்திலிருந்து 80,000 வரை இறக்கினார். வரிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க மட்டும் மனம் வரவில்லை. விடுப்பு முடிந்து போய்விட்டார். வீடு வேறு யாருக்கோ கைமாறியதாகக் கேள்வி. டீச்சர் பார்வதிபுரத்திலேயே இருக்கிறார். வாடகை இப்போது 12,500. தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியையாவது மாதாமாதம் தனிக் கணக்கில் போடச் சொன்னேன், போடுகிறார்.

போன வாரம் தக்கலைப் பக்கம் ஒரு வீடு பார்த்ததாகச் செய்தி அனுப்பியிருந்தார். கூடவே பன்னிரண்டு மாதத்து மின் பில்கள், ஆறு படங்கள். ஏழாவதாக மாலை மூன்றரை மணிக்கு எடுத்த மொட்டைமாடிப் படம்.