டைனோசர் காலத்துக் கடல் முதலைதான் செத்துப்போச்சு, நம்ம ஆத்து முதலை இல்ல

மலேசியாவுல தெலுக் இந்தான்ல டியூஷன்ல சயன்ஸ் சொல்லித்தர்றவன் நான். இதே கேள்வியோட வர்றது இந்த மாசம் மூணாவது ஆள். நேத்து ஒரு அப்பா போன்ல வந்த ஒரு படத்தை நீட்டி, "சார், டைனோசர் காலத்துல இருந்து முதலை மாறவே இல்லியாம், கடல் முதலை எல்லாம் அப்பவே அழிஞ்சிருச்சாம், அப்ப உப்புத்தண்ணில பயமில்லதானே, பையன் ஞாயித்துக்கெழம குவாலா (ஆறு கடல்ல சேர்ற இடம்) பக்கம் தூண்டில் போடப் போறான்"னு கேக்குறாரு. தலை சுத்திருச்சு எனக்கு.

படத்துல இருந்தது டக்கோசாரஸ், ஜுராசிக் காலத்துல கடல்ல வாழ்ந்த ஒரு முதலை இனம். அது டைனோசர் இல்ல, நம்ம முதலையோட தாத்தாவும் இல்ல. தூரத்து சொந்தம், வம்சமே அத்துப்போச்சு. மாறவே இல்லன்னு சொல்றவங்க கொஞ்சம் கவனிங்க. நம்ம முதலை முதுகு பலாப்பழத் தோல் மாதிரி இருக்கும், தோலுக்குள்ள எலும்புத் தகடு. டக்கோசாரஸ் குடும்பத்துக்கு அந்தத் தகடே கிடையாது. நாலு காலும் துடுப்பு, வால் சுறா வால் மாதிரி, ஆனா சுறாவுக்கு முதுகெலும்பு வால்ல மேல ஏறும், இதுக்கு கீழ இறங்கும். இதைப் போய் "மாறாத பிராணி"ன்னா நான் என்னன்னு சொல்றது?

அந்தப் படத்துல கடலுக்கே ராஜான்னு வேற போட்டிருக்கு. 4, 5 மீட்டர் உடம்பு, ரம்பம் மாதிரி பல்லு, அர்ஜென்டினாவுல கிடைச்சதுக்கு 2005ல காட்ஸில்லான்னே செல்லப் பேர் வச்சாங்க, சரி. ஆனா அதே ஜுராசிக் கடல்ல அதைவிடப் பெரிய பிளையோசார்ங்கிற கடல் ஊர்வன சுத்திக்கிட்டு இருந்துச்சு. டக்கோசாரஸ் சொந்தத்துல இன்னொண்ணு மச்சிமோசாரஸ், மொட்டைப் பல்லு, ஆமை ஓட்டையே நொறுக்கும். ஆளுக்கொரு சாப்பாடு, அவ்வளவுதான்.

இப்ப நம்ம ஆத்துக்கு வருவோம். இங்க இருக்குறது புவாயா தெம்பாகா, அதாவது உப்புத்தண்ணி முதலை. நாக்குலயே உப்பைக் கக்குற சுரப்பி இருக்கு, கடல்தண்ணி அதுக்கு ஒரு விஷயமே இல்ல. ஆஸ்திரேலியாவுல கருவி மாட்டி விட்ட ஒண்ணு நீரோட்டத்தைப் பிடிச்சு 25 நாள்ல 590 கிலோமீட்டர் போயிருக்கு.

அதனால இருட்டுற நேரம் தண்ணி ஓரம் நிக்காதீங்க. மாட்டுன தூண்டிலை எடுக்க இடுப்பளவு தண்ணில இறங்காதீங்க, போனா போகுது ரெண்டு வெள்ளி. மீன் குடலை படகுத்துறையிலயே வீசாதீங்க. வீடியோவுக்காக முதலைக்குக் கோழி போடுறவங்களே, கையெடுத்துக் கும்புடுறேன், வேண்டாம். முதலையப் பாத்தா பெர்ஹிலித்தானுக்கு (வனவிலங்குத் துறை) சொல்லுங்க, நீங்களே கயிறு கட்டப் போகாதீங்க.

இத்தனையும் அந்த அப்பாகிட்ட சொன்னேன். "அப்ப பாரிட்லயே போடச் சொல்லிடுறேன் சார்"னாரு. பாரிட்னா வடிகால். எந்த பாரிட்னு கேட்டா, செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால, ஆத்துல போய் விழுற இடமாம்.