பைக்கையும் ஜாக்கெட்டையும் பார்த்து நிறுத்தக் கூடாது: வாஷிங்டன் மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது

2015 மே 17 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் வேக்கோ நகரில், ஒரு உணவகத்தில் பைக் கிளப்களுக்கு இடையே மோதல் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் 9 பேர் இறந்தார்கள். போலீஸ் 177 பேரைக் கைது செய்தது. பெயரை மட்டும் மாற்றி நிரப்பிய ஒரே மாதிரியான பிரமாணப் பத்திரம்தான் எல்லோருக்கும். ஆளுக்கு 10 லட்சம் டாலர் ஜாமீன். 2019-ல் மிச்சமிருந்த வழக்குகளும் கைவிடப்பட்டன. ஒருவருக்குக்கூட தண்டனை கிடைக்கவில்லை. அங்கே சுட்டவர்களும் இருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதுகில் கிளப் சின்னம் தைத்திருந்த காரணத்துக்காகவே சிக்கியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

சாலையில் இதே பார்வையோடு போலீஸ் நிறுத்துவதைத்தான் 'பைக்கர் ப்ரொஃபைலிங்' என்கிறார்கள். இதற்கு எதிராக முதலில் சட்டம் போட்டது வாஷிங்டன் மாநிலம், 2011-ல். (தலைநகர் வாஷிங்டன் அல்ல, சியாட்டில் இருக்கும் மேற்குக் கடற்கரை மாநிலம்.) மேரிலாந்து 2016-ல் சேர்ந்துகொண்டது. லூசியானாவும் ஐடஹோவும் பின்னால் வந்தன.

சட்டம் சின்னதுதான். ஒருவர் பைக் ஓட்டுகிறார் என்பதையோ, பைக்கர்களுக்கே உரிய உடுப்பு, சின்னம் அணிந்திருக்கிறார் என்பதையோ ஒரு காரணமாக வைத்து அவரை நிறுத்தவோ, விசாரிக்கவோ, சோதனை போடவோ, கைது செய்யவோ கூடாது. நிறுத்துவதற்கு வேறு சட்டப்படியான காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். இந்தச் சட்டத்தின் உயிரே இந்தக் கடைசி வரிதான் என்பேன்.

ஏனென்றால், நிறுத்துவதற்கு ஒரு சாக்கு கண்டுபிடிப்பது போலீசுக்குக் கஷ்டமே இல்லை. வேகம் கொஞ்சம் கூடியிருக்கும், சைலன்சர் சத்தம் அதிகமாக இருக்கும். உண்மையிலேயே போக்குவரத்து விதிமீறல் இருந்தால், போலீஸ்காரர் மனதில் என்ன நினைத்து நிறுத்தினார் என்று பார்க்கத் தேவையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாக்கு வைத்து நிறுத்துவது தங்கள் மாநில அரசியலமைப்புக்கு எதிரானது என்று 1999-ல் தீர்ப்பளித்தது. 2011 சட்டத்துக்குப் பலமான அடித்தளம் அது.

சரி, மீறினால் போலீஸ்காரருக்கு என்ன தண்டனை? சட்டத்தில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. போலீஸ் பயிற்சியில் இதைச் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு காவல் துறையும் தன் கொள்கையில் இதைக் கண்டித்து எழுத வேண்டும், அவ்வளவுதான். இது பெரிய குறை. ஆனாலும் பயனில்லாமல் போகவில்லை: கொள்கையில் எழுதியிருப்பதால், உங்கள் புகாரை "அப்படி ஒரு விதியே இல்லை" என்று தள்ளிவிட முடியாது. அரசியலமைப்பு உரிமையே மீறப்பட்டிருந்தால் மத்திய குடிமை உரிமைகள் சட்டப்படி வழக்கும் போடலாம்.

தேசிய அளவில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஹெல்மெட் சோதனைக்கோ பைக்குகளை மட்டும் மடக்கும் சோதனைச் சாவடிக்கோ மத்திய போக்குவரத்துத் துறை பணம் தரக் கூடாது என்று 2015-ல் ஒரு சட்டம் வந்தது. 2018 டிசம்பரில் செனட் ப்ரொஃபைலிங்கைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அது தீர்மானம் மட்டுமே, யாரையும் கட்டுப்படுத்தாது.

இந்தச் சட்டம் இருக்கிறதென்று விதிமீறலுக்கு விலக்கு கிடைக்காது. வாஷிங்டனில் ஹெல்மெட் கட்டாயம், போடாவிட்டால் அபராதம்தான். நிறுத்தினால் ஓரம் கட்டுங்கள், லைசென்ஸ், பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் காட்டுங்கள். பையைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டால், சம்மதமில்லை என்று பணிவாகச் சொல்லலாம். அங்கேயே வாக்குவாதம் வேண்டாம்.

அப்புறம் வீட்டுக்கு வந்ததும் நேரம், இடம், பேட்ஜ் எண் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஹெல்மெட் கேமரா பதிவை அழிக்காதீர்கள். போலீஸ் தரப்புப் பதிவை மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். முக்கியமாக, உங்கள் கிளப்பைப் பற்றி, ஜாக்கெட்டில் உள்ள சின்னத்தைப் பற்றி போலீஸ்காரர் கேட்ட கேள்விகளை வார்த்தை மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். வேகத்துக்காக நிறுத்தியவர் சின்னத்தைப் பற்றி ஏன் கேட்டார் என்பதுதான் உங்கள் புகாரின் முதல் கேள்வியாக இருக்கும்.